முகப்புப் பக்கம் எங்கே இருக்கிறது? ஜாவா சர்வ்லெட்டின் யூஆர்எல் விதிகள் மீது ஒரு விமர்சனம்

ஜாவாவில் எழுதிய ஒரு வலைத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முகப்புப் பக்கத்தைத் தருவது எந்த ஃபைல், எந்த வரி என்று அந்த ப்ராஜெக்ட்டில் வேலை செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "இந்த கன்ட்ரோலர்தான்" என்று ஒருவர் சொல்வார். "இல்லை, வெப்.எக்ஸ்எம்எல்லில் வெல்கம் ஃபைல் போட்டிருக்கிறோமே" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் சர்வரை ஓட்டிப் பார்ப்பார். மூன்றாமவர் செய்வதுதான் புத்திசாலித்தனம். ஏனென்றால் கோடைப் படித்து மட்டும் இதற்குப் பதில் சொல்வது பல ப்ராஜெக்ட்டுகளில் முடியாத காரியம்.

இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இதை மேலோட்டமான தொல்லையாக நான் நினைக்கவில்லை. ஒரு தளத்தில் அதிகம் பேர் வந்து இறங்கும் இடம் முகப்பு. அதன் முகவரி எப்படித் தீர்மானமாகிறது என்பது தெளிவாக இல்லாவிட்டால் கடைசியில் பாதுகாப்பில் ஓட்டை விழுகிறது. அது எப்படி என்பதைத்தான் இந்தக் குறிப்பில் படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன். டாம்கேட், ஸ்பிரிங் இரண்டையும் வைத்தே பேசுகிறேன். மற்ற கண்டெய்னர்களும் இதே சர்வ்லெட் வரையறையைத்தான் பின்பற்றுகின்றன.

1. ஒரு சாய்கோடு, இரண்டு பொருள்

பிரவுசரில் வெறும் தளத்தின் பெயரை மட்டும் அடித்தால், பிரவுசர் சர்வரிடம் கேட்பது "/" என்ற பாதையை. பாதை காலியாக இருந்தால் அதை "/" என்றே கொள்ள வேண்டும் என்று யூஆர்ஐக்கான வரையறையான ஆர்எஃப்சி 3986 (2005) சொல்கிறது. ஆக, ஹெச்டிடிபி மொழியில் "/" என்றால் தளத்தின் வாசல். இது எல்லோருக்கும் புரியும்.

சர்வ்லெட் மேப்பிங்கில் அதே "/" என்று எழுதினால் அதற்கு அந்தப் பொருள் இல்லை. "வேறு எந்த மேப்பிங்கிலும் அகப்படாத எல்லாக் கோரிக்கைகளும் இங்கே வரட்டும்" என்பதுதான் அங்கே அதன் பொருள். இதற்கு டீஃபால்ட் சர்வ்லெட் என்று பெயர். டாம்கேட்டின் கான்ஃப் ஃபோல்டரில் உள்ள பொதுவான வெப்.எக்ஸ்எம்எல்லைத் திறந்து பாருங்கள். படம், சிஎஸ்எஸ், ஹெச்டிஎம்எல் ஃபைல்களை எடுத்துக் கொடுக்கும் சர்வ்லெட் அங்கே "/" என்ற குறியில்தான் உட்கார்ந்திருக்கும்.

புதிதாகப் படிக்கும் ஒருவர் என்ன செய்வார்? முகப்புக்காக ஒரு சர்வ்லெட் எழுதி, அதற்கு "/" என்று மேப்பிங் கொடுப்பார். ஓட்டிப் பார்த்தால் முகப்பு வந்துவிடும். சந்தோஷம். கூடவே வேறு சிலதும் நடக்கும். அந்தப் பக்கத்திலிருந்து பிரவுசர் கேட்கும் சிஎஸ்எஸ் ஃபைலுக்கும், படத்துக்கும், ஃபேவிகானுக்கும் அதே சர்வ்லெட்தான் பதில் சொல்லும். சிஎஸ்எஸ் கேட்ட இடத்தில் முகப்பின் ஹெச்டிஎம்எல் போய்ச் சேரும். தளத்தில் இல்லாத முகவரியை யாராவது அடித்தாலும் 404 வராது, 200 என்ற வெற்றிக் குறியோடு முகப்பே வரும். முகப்பில் வருகை எண்ணும் கவுண்டர் வைத்திருந்தால் ஒருவர் வந்ததற்கு நாலைந்து பேர் வந்ததாகக் காட்டும்.

இனி ஸ்பிரிங். கன்ட்ரோலரில் @கெட்மேப்பிங்("/") என்று எழுதினால் அங்கே "/" என்பது மறுபடியும் வாசலை மட்டும் குறிக்கிறது. ஆனால் அந்தக் கன்ட்ரோலருக்குக் கோரிக்கையைக் கொண்டுவந்து சேர்க்கும் டிஸ்பாட்சர் சர்வ்லெட்டுக்கும் நாம் "/" என்றுதான் மேப்பிங் கொடுக்கிறோம். அங்கே அது "மிச்சம் எல்லாம்". ஒரே ப்ராஜெக்ட், ஒரே குறி, அடுத்தடுத்த இரண்டு அடுக்குகளில் இரண்டு பொருள்.

"/*" என்பதன் கதை இன்னும் மோசம். சர்வ்லெட்டில் அது எத்தனை படி ஆழமானாலும் எல்லாவற்றையும் பிடிக்கும். ஸ்பிரிங்கின் பாதைக் குறியீட்டில் அது ஒரே ஒரு படியைத்தான் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் "/**" என்று இரண்டு நட்சத்திரம் போட வேண்டும். பாதுகாப்பு விதி எழுதும்போது சர்வ்லெட் பழக்கத்தில் "/அட்மின்/*" என்று எழுதிவிட்டால், அதற்கு இரண்டு படி கீழே உள்ள பக்கங்கள் அந்த விதிக்குள் வரவே வராது. எழுதியவர் எல்லாக் கதவையும் பூட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

2. சிறப்பு விதி தோற்கும் இடம்

சர்வ்லெட் வரையறை நான்கு படிகளில் பொருத்தம் பார்க்கிறது. முதலில் முழுப் பொருத்தம். அது இல்லையென்றால் "/கடை/*" போன்ற முன்னொட்டுகளில் மிக நீளமானது. அதுவும் இல்லையென்றால் "*.ஜேஎஸ்பி" போன்ற கடைசி எழுத்துப் பொருத்தம். எதுவுமே இல்லையென்றால் டீஃபால்ட் சர்வ்லெட்.

மேலோட்டமாகப் பார்த்தால் நம் இலக்கணம் போலத்தான் இருக்கிறது. பொது விதி ஒன்று சொல்வார்கள், சிறப்பு விதி வந்தால் பொது விதி ஒதுங்கும். உயிர் ஈற்றின் முன் வல்லினம் மிகும் என்பது பொது விதி. வினைத்தொகையில் மிகாது என்பது சிறப்பு விதி. அதனால்தான் 'ஊறுகாய்' என்கிறோம், 'ஊறுக்காய்' என்பதில்லை. தொல்காப்பிய உரையாசிரியர்கள் இதை 'எய்தியது விலக்கல்' என்று குறிப்பார்கள். எது குறுகிய இடத்துக்கு உரியதோ அதற்கே வெற்றி.

சர்வ்லெட் வரையறை இந்த ஒழுங்கைப் பாதி வழியில் கைவிடுகிறது. "/*" என்பதைவிடப் பொதுவான விதி ஒன்று இருக்க முடியாது. "*.ஜேஎஸ்பி" அதைவிடக் குறுகியது. ஆனால் "/*" முன்னொட்டு வகையில் சேர்ந்துவிடுவதால் இரண்டாம் படியிலேயே வென்றுவிடுகிறது. விதியின் அகலத்தைப் பார்க்காமல் விதியின் சாதியைப் பார்த்து முன்னுரிமை கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

இதன் விளைவு நடைமுறையில் நன்றாகத் தெரியும். முகப்பு சர்வ்லெட்டுக்கு "/*" போட்டு, அதிலிருந்து வெப்-இன்ஃப் ஃபோல்டரில் உள்ள ஒரு ஜேஎஸ்பிக்கு ஃபார்வேர்டு செய்கிறோம் என்று வையுங்கள். கண்டெய்னர் அந்த ஜேஎஸ்பியின் பாதைக்கு மறுபடி பொருத்தம் பார்க்கும். "/*" அதையும் பிடிக்கும். நம் சர்வ்லெட்டே மறுபடி அழைக்கப்படும். அது மறுபடி ஃபார்வேர்டு செய்யும். ஸ்டாக் நிரம்பி வழியும்வரை இதே சுற்றுதான். டிஸ்பாட்சர் சர்வ்லெட்டுக்கு "/*" போட்டால் சுற்றாது. ஜேஎஸ்பி பாதைக்குக் கன்ட்ரோலர் இல்லை என்று சொல்லி 404 கொடுத்துவிடும். ஃபைல் கண்ணெதிரே இருக்கும், சர்வர் இல்லை என்று சாதிக்கும். படிக்கும் பையன்கள் ஃபைலின் பெயரைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரே ஒரு நட்சத்திரத்தை எடுத்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை இது.

3. வெல்கம் ஃபைல் என்னும் பழைய வழக்கம்

முகப்பு என்பது ஒரு ஃபைலாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் ஜாவாவுக்கு முந்தியது. செர்ன் நிறுவனத்தின் ஆரம்பகால வெப் சர்வரில், ஃபோல்டரைக் கேட்டால் அதிலுள்ள வெல்கம்.ஹெச்டிஎம்எல் கிடைக்கும். என்சிஎஸ்ஏ சர்வரில் இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல். அப்போது யூஆர்எல் என்பது கிட்டத்தட்ட ஃபோல்டர் பாதையேதான். எனவே அது சரியான ஏற்பாடு.

ஜாவா சர்வ்லெட் ஃபோல்டரில் கிடக்கும் பண்டம் கிடையாது, ஓடும் ப்ரோக்ராம். ஆனாலும் வெல்கம் ஃபைல் பட்டியல் அப்படியே வெப்.எக்ஸ்எம்எல்லுக்குள் குடியேறியது. பட்டியலில் சர்வ்லெட்டையும் சேர்க்கலாம் என்பது 2003இல் வந்த 2.4 பதிப்பில்தான் தெளிவாயிற்று. அதற்கு முன் ஸ்ட்ரட்ஸ் காலத்தில் நாங்கள் செய்த கோமாளித்தனத்தை இப்போது சொன்னால் இளையவர்கள் நம்ப மாட்டார்கள். முகப்பு ஒரு ".டூ" முகவரியில் இருக்கும். ஆனால் கண்டெய்னருக்கு நிஜ ஃபைல் வேண்டும். அதனால் ஒன்றுமே எழுதாத காலி ஃபைல் ஒன்றை இண்டெக்ஸ்.டூ என்ற பெயரில் போட்டு வைப்போம். அல்லது ஒரு இண்டெக்ஸ்.ஜேஎஸ்பி வைத்து, அதில் ஒரே ஒரு ரீடைரக்ட் வரி எழுதுவோம்.

அந்தக் காலம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மேவன் வெப்ஆப் ஆர்க்கிடைப்பில் புது ப்ராஜெக்ட் தொடங்கினால் இன்றும் வெப்ஆப் ஃபோல்டரில் ஒரு இண்டெக்ஸ்.ஜேஎஸ்பி தானாக வந்து உட்காரும். நீங்கள் கன்ட்ரோலரில் "/" என்று எழுதி, டிஸ்பாட்சரையும் "/" என்று வைத்து, எல்லாம் சரியாகச் செய்தாலும், டாம்கேட்டில் வாசலுக்கு வந்தால் உங்கள் கன்ட்ரோலர் ஓடாது. ஹலோ வேர்ல்டு என்று அந்த ஜேஎஸ்பி வந்து நிற்கும். டீஃபால்ட் சர்வ்லெட்டுக்குப் போவதற்கு முன்பே டாம்கேட் வெல்கம் ஃபைல்களைத் தேடிவிடுகிறது. "நான் வெப்.எக்ஸ்எம்எல்லில் வெல்கம் ஃபைலே போடவில்லையே" என்பீர்கள். நீங்கள் போடாவிட்டால் டாம்கேட்டின் பொதுவான வெப்.எக்ஸ்எம்எல்லில் உள்ள பட்டியல் செல்லும். இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல், இண்டெக்ஸ்.ஹெச்டிஎம், இண்டெக்ஸ்.ஜேஎஸ்பி மூன்றும் அதில் இருக்கின்றன.

ஆக, உங்கள் ப்ராஜெக்ட்டில் எழுதப்படாத ஒரு வரி உங்கள் முகப்பைத் தீர்மானிக்கிறது. இந்தக் குறிப்பில் என் முதல் குற்றச்சாட்டு இதுதான்.

4. முகவரியில் ஒட்டிக்கொள்ளும் செஷன் எண்

மேலே சொன்ன ரீடைரக்ட் வரிக்குத் திரும்ப வருகிறேன். அதில் வெளியே தெரியாத ஓர் ஆபத்து இருக்கிறது.

ஜேஎஸ்பி பக்கம், வேண்டாம் என்று நாம் எழுதாதவரை, தானாகவே ஒரு செஷனைத் தொடங்கும். முதல் முறை வருபவரின் பிரவுசர் குக்கியை ஏற்குமா என்பது சர்வருக்கு அப்போது தெரியாது. ஜேஎஸ்டிஎல்லின் ரீடைரக்ட் டேக் இதை முன்னிட்டு, போகவேண்டிய முகவரியின் வாலில் ஜேசெஷன்ஐடி என்று செஷன் எண்ணையும் ஒட்டி அனுப்புகிறது. டாம்கேட்டில் அது இயல்பாக 32 எழுத்து. வந்தவரின் அட்ரஸ் பாரில் அது அப்படியே நிற்கும்.

அவர் என்ன செய்வார்? அந்த முகவரியை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்புவார். "இதில் போய் விண்ணப்பம் போடு" என்று தங்கைக்கு அனுப்புவார். அந்த இணைப்பைச் சொடுக்குகிறவர் அதே செஷனுக்குள் வருகிறார். அனுப்பியவர் லாகின் செய்த பிறகும் செஷன் எண் மாறாமல் இருந்தால், பெற்றவர் அனுப்பியவரின் கணக்குக்குள்ளேயே நிற்பார். ஸ்பிரிங் செக்யூரிட்டி லாகினின்போது எண்ணைத் தானாக மாற்றிவிடுகிறது. எண்ணை மாற்றுவதற்கென்றே ஒரு மெத்தட் 2013இல் வந்த சர்வ்லெட் 3.1இல் சேர்ந்தது. ஆனால் கையால் லாகின் எழுதிய பழைய ப்ராஜெக்ட்டுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஆண்டுக்கு ஒருமுறைகூட யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இதற்கு மருந்து சின்னதுதான். செஷனைக் குக்கி வழியாக மட்டும் நடத்து என்று டிராக்கிங் மோடை வெப்.எக்ஸ்எம்எல்லில் எழுதினால் போதும். சர்வ்லெட் 3.0இலிருந்து இந்த வசதி உண்டு. ஆனால் முகப்பு ரீடைரக்ட்டையும் செஷன் திருட்டையும் சேர்த்துச் சொல்லும் பாடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. முகப்பு ஒரு அத்தியாயம், செஷன் இன்னொரு அத்தியாயம், பாதுகாப்பு கடைசி அத்தியாயம். கடைசி அத்தியாயம் வருவதற்குள் பாடம் முடிந்துவிடும்.

5. ஸ்பிரிங் பூட் தீர்த்ததும் தீர்க்காததும்

2014இல் ஸ்பிரிங் பூட் 1.0 வந்தபோது இந்தத் தொல்லை எல்லாம் ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்தது. வெப்.எக்ஸ்எம்எல் இல்லை. ஸ்டாட்டிக் ஃபோல்டரில் ஒரு இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல் போட்டால் அதுவே முகப்பு. அது இல்லையென்றால் இண்டெக்ஸ் என்ற பெயரில் டெம்ப்ளேட் இருக்கிறதா என்று பார்க்கும். கன்ட்ரோலரில் "/" எழுதியிருந்தால் அதற்கே முதலிடம். பழைய குழப்பத்தோடு ஒப்பிட்டால் இது நல்ல ஒழுங்கு, ஆவணத்திலும் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதை மறுக்க மாட்டேன்.

கவனியுங்கள், டாம்கேட்டின் பழைய ஒழுங்குக்கு இது நேர்மாறு. அங்கே ஃபைல் இருந்தால் கன்ட்ரோலர் தோற்கும். இங்கே கன்ட்ரோலர் இருந்தால் ஃபைல் தோற்கும். பழைய ப்ராஜெக்ட்டைப் பூட்டுக்கு மாற்றும்போது, இத்தனை நாள் ஓடாமல் கிடந்த முகப்புக் கன்ட்ரோலர் திடீரென்று உயிர்பெற்று எழும். அதில் யாரோ எப்போதோ சோதனைக்கு எழுதிய கோடு இருந்தால் அது மக்கள் முன்னால் வந்து நிற்கும்.

இன்னொன்று. பூட்டில் தளத்தின் அடிப்பாதையை ஒரு ப்ராபர்ட்டியாக எழுதலாம். அதே ப்ராஜெக்ட்டை வார் ஃபைலாக்கி வெளி டாம்கேட்டில் போட்டால் அந்த ப்ராபர்ட்டி செல்லாது. வார் ஃபைலின் பெயர்தான் அடிப்பாதை. ரூட் என்று பெரிய எழுத்தில் பெயரிட்டால்தான் வாசலில் நிற்கும். அப்படிப் பெயரிடாமல் விட்டதால், தளத்தின் பெயரை அடித்தால் டாம்கேட்டின் சொந்தப் பக்கம், பதிப்பு எண்ணோடு சேர்த்துக் காட்சி தருகிற இடங்கள் உண்டு. எந்தப் பதிப்பில் எந்த ஓட்டை என்று தேடுகிறவனுக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடைக்காது.

6. வாசலைத் திறக்கப்போய் வீட்டையே திறந்த கதை

என் பெரிய கவலை இந்த இடத்தில்தான். ஸ்பிரிங் செக்யூரிட்டியில் முகப்பை எல்லோருக்கும் திறந்துவிட, "/" பாதைக்கு அனுமதி என்று எழுதுகிறோம். கன்ட்ரோலர் ஓடி, ஜேஎஸ்பிக்கு உள்ளுக்குள் ஃபார்வேர்டு செய்கிறது. 2022 நவம்பரில் வந்த செக்யூரிட்டி 6.0இலிருந்து, அந்த உள் ஃபார்வேர்டும் அனுமதிச் சோதனைக்கு உட்படுகிறது. "/" பாதைக்கு அனுமதி உண்டு. ஜேஎஸ்பியின் பாதைக்கு இல்லை. எனவே முகப்புக்கு வந்தவர் லாகின் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறார். லாகின் பக்கமும் ஜேஎஸ்பியாக இருந்தால் அதற்கும் இதே கதி. பிரவுசர் சுற்றிச் சுற்றிக் கடைசியில் கையை விரித்துவிடும்.

ஃபார்வேர்டு வகைக் கோரிக்கைகளுக்கு அனுமதி என்று ஒரு வரி சேர்ப்பதுதான் முறையான தீர்வு. மாற்றக் குறிப்பிலும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். நடப்பது என்ன? வெள்ளிக்கிழமை சாயங்காலம், முகப்பு வரவில்லை, மேனேஜர் பின்னால் நிற்கிறார். "/" என்று இருந்ததை "/**" என்று மாற்றிப் பார்க்கிறார்கள். முகப்பு வந்துவிடுகிறது! டிக்கெட்டை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். இப்போது தளத்தில் ஒரு பக்கத்துக்கும் பூட்டு இல்லை. இப்படி மாற்றிய கோடை மறுஆய்வில் நானே ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் சோம்பேறிகள் அல்ல, நல்ல வேலைக்காரர்கள். முகப்பு எத்தனை கை மாறி வருகிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

7. வரையறைக்காரர்கள் தரப்பு

நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1990களின் கடைசியில் இந்த விதிகள் எழுதப்பட்டபோது தளம் என்றால் பெரும்பாலும் ஃபைல்கள், இடையிடையே சில சர்வ்லெட்டுகள். மிச்சத்தைப் பிடிக்க ஒரு சர்வ்லெட் வேண்டும், அதற்கு ஒரு குறி வேண்டும். "/" கையருகே இருந்தது. ஒருமுறை வெளியிட்ட பிறகு அதன் பொருளை மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் தளங்கள் எல்லாம் விழும். ஜாவாவின் பின்னிணக்கம் அதன் பெரிய பலம். அதை உடைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

குறையைத் திருத்தவும் செய்தார்கள். 2009 டிசம்பரில் முடிவான சர்வ்லெட் 3.0, காலிச் சரத்தை, அதாவது உள்ளே ஒன்றுமில்லாத இரண்டு மேற்கோள் குறிகளை, ஒரு மேப்பிங்காக ஏற்றது. அதன் பொருள் வாசல் மட்டும்தான். முழுப் பொருத்த வகை என்பதால் முதல் படியிலேயே வெல்லும். சிஎஸ்எஸ் வழக்கம்போல டீஃபால்ட் சர்வ்லெட்டுக்குப் போகும், இல்லாத பக்கத்துக்கு 404 வரும். @வெப்சர்வ்லெட்("") என்று எழுதினால் வேலை முடிந்தது. முகப்புக்கென்று ஒரு குறி, அதற்கு ஒரே பொருள். இவ்வளவு அருமையான திருத்தம் பாடங்களில் ஏறவே இல்லை. சர்வ்லெட் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் இன்னும் "/" போடு, இல்லாவிட்டால் வெல்கம் ஃபைல் போடு என்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. வரையறையைவிடப் பாடம் எழுதுகிறவர்கள் மீதுதான் இந்த இடத்தில் எனக்குக் கோபம்.

8. செய்ய வேண்டியது

வெறும் சர்வ்லெட் ப்ராஜெக்ட் என்றால் முகப்புக்குக் காலிச் சரம் போடுங்கள். ஸ்பிரிங் என்றால் டிஸ்பாட்சருக்கு "/", கன்ட்ரோலரில் வெளிப்படையாக ஒரு @கெட்மேப்பிங்("/"). ஸ்பிரிங்கின் பெட்கிளினிக் மாதிரி ப்ராஜெக்ட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. முகப்புக்கு உரிய வரி கண்ணில் படும்படி ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஆர்க்கிடைப் போட்டுவிட்டுப்போன இண்டெக்ஸ்.ஜேஎஸ்பியை முதல் நாளே அழியுங்கள். ரீடைரக்ட் செய்வதற்கென்று மட்டும் ஒரு ஜேஎஸ்பி வைக்காதீர்கள். செஷன் டிராக்கிங்கைக் குக்கியோடு நிறுத்துங்கள்.

பிறகு தளத்தை ஏற்றியதும் ஐந்து முகவரிகளை, லாகின் செய்யாத புது பிரவுசர் சன்னலில், நெட்வொர்க் டேபைத் திறந்து வைத்துக்கொண்டு அடித்துப் பாருங்கள். வெறும் தளப் பெயர். அடிப்பாதை, கடைசிச் சாய்கோடு இல்லாமல். இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல், இண்டெக்ஸ்.ஜேஎஸ்பி இரண்டும் ஒவ்வொரு முறை. வாய்க்கு வந்த, தளத்தில் இல்லாத ஏதோ ஒரு முகவரி. லாகின் இல்லாமல் பார்க்கக்கூடாத ஓர் உள்பக்கம். முதலாவதற்கு 200 வர வேண்டும், அட்ரஸ் பாரில் செஷன் எண் இருக்கக்கூடாது. இரண்டாவது சாய்கோட்டோடு திருப்பி அனுப்ப வேண்டும். மூன்றாவதற்கு என்ன வர வேண்டும் என்பது உங்கள் முடிவு, ஆனால் முடிவு எடுத்திருக்க வேண்டும். நான்காவது 404. ஐந்தாவது உள்ளே விடக்கூடாது.

ஐந்து நிமிஷ வேலை. தளத்தில் எந்தப் பதிப்பு மாற்றம் வந்தாலும், டாம்கேட்டோ ஸ்பிரிங்கோ எதை உயர்த்தினாலும், இந்த ஐந்தையும் மறுபடி அடித்துப் பாருங்கள். முடிந்தால் இவற்றையே தானியங்கிச் சோதனையாக எழுதி பில்டோடு சேர்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது இரண்டு நட்சத்திரத்தைச் சேர்த்தால் ஐந்தாவது சோதனை அங்கேயே பிடித்து நிறுத்திவிடும்.